நின்றுகொண்டே காசிக்குப் போன லாரி

சனிக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். நாவலூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பின்புறம் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுடச்சுடக் கறுப்பு ஆயில் தட்டில் இறங்க, கருகிய நெடி மூக்கில் ஏறியது. என் மனைவியாக இருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள். நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். வாயும் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துவீங்க?"

"அதுவே சொல்லிடும் சார். ஸ்க்ரீன்ல வரும்" என்றார் மெக்கானிக்.

அதுவே சொல்லிவிடுமாம்! எங்கள் வண்டிகளுக்கு அப்படி ஒரு வாய் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அப்போதைய நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

டிப்ளமோ முடித்த கையோடு எனக்கு ஒரு தண்ணி லாரிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகும் ரோட்டில் தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், பத்துப் பன்னிரண்டு லாரிகள். அதுதான் யார்டு. பக்கத்துக் கிராமங்களின் கிணறுகளில் தண்ணீர் பிடித்து, நாவலூர் பக்கம் முளைத்துக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவோம். நெல்லுக்குப் போன தண்ணீர் ஷவருக்குப் போகிறது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. கழுத்தில் பேனா மாட்டிக்கொண்டு திரிவதிலேயே பெருமை தாங்கவில்லை.

போன முதல் வாரத்திலேயே ஒரு சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எந்த லாரி, எத்தனை கிலோமீட்டர், எப்போது ஆயில் மாற்ற வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம். சிவப்பு மை, பச்சை மை எல்லாம் உண்டு. முதலாளி வந்து பார்த்து, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா" என்றார். அவ்வளவுதான், தலை கால் புரியவில்லை. ஆயில் பேரலின் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

அங்கே ஏழுமலை என்று ஒருவர் லாரி ஓட்டினார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். மற்ற வண்டிகள் முதலாளியுடையவை. ஏழுமலையின் வண்டி அவர் சொந்த வண்டி. அப்பா விட்டுப்போன கழனியை விற்று வாங்கி, எங்கள் கம்பெனியில் சேர்த்து ஓட்டினார். ஆயில் மட்டும் கம்பெனிக் கணக்கு. நிலமும் போய், வண்டியும் போனால் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்கிற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. அதனால் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். தினமும் காலையில் ஆயில் குச்சியை உருவி, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார்.

ஒருநாள் அந்தக் குச்சியோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், இன்னா சார் இது? கஷாயம் கணக்கா கெட்டியாய்ட்ச்சு. மாத்திட்லாமா?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். "இன்னும் ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டர் கீது அண்ணாத்த. டீசல் வண்டின்னா ஆயில் கறுக்கத்தான் செய்யும்."

"கறுக்கறது வேற சார். இது வேற மாரி கீது."

"பத்தாயிரம் வந்ததும் நானே கூப்பிட்றேன்" என்று பேரல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சாவியைப் பையில் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. படித்தவன் சொல்கிறானே என்று அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம், காலை எட்டரை மணி. கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் எல்லாம் ரோட்டில் இருக்கும் நேரம். ஏழுமலையிடமிருந்து போன்.

"சார், ஆயில் லைட்டு எரிஞ்சிட்ச்சு. வண்டிய ஆப் பண்ட்டேன். நடு ரோட்ல நிக்கிறேன்."

போனிலேயே ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. பின்னால் யாரோ அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்கள். "மெதுவா ஓரமா வுட்ரு அண்ணாத்த, அம்பது அடிதானே" என்றேன்.

"ஒரு அடி நவுத்த மாட்டேன் சார். ஸ்டாட் பண்ணா என்ஜின் செத்துடும்."

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சி மறக்காது. முழு டேங்க் தண்ணீரோடு லாரி நடு ரோட்டில் நிற்கிறது. பின்னால் கண்ணுக்கு எட்டும் வரை பஸ்ஸும் காரும். ஒரு போலீஸ்காரர் கத்துகிறார். ஏழுமலை வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அட்சாலும் பரவால்ல சார், எடுக்க மாட்டேன்" என்று கும்பிடுகிறார். ஊரே ஒருவனை ஏசும்போது அப்படி நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்! நானாக இருந்தால் முதல் ஹாரனுக்கே வண்டியைக் கிளப்பியிருப்பேன்.

அவ்வளவு பாரத்தோடு கட்டி இழுக்க முடியாது என்பதால் ஏழுமலை தண்ணீரைத் திறந்துவிட்டார். அதற்குள் எங்கிருந்துதான் தெரிந்ததோ, எதிரே கட்டட வேலைக்குத் தங்கியிருந்த பெண்கள் குடமும் பக்கெட்டுமாக ஓடி வந்தார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் அவர்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்துவிட்டார். இதுவும் நடந்ததுதான், கதை இல்லை.

சங்கிலி போட்டு யார்டுக்கு இழுத்து வந்தோம். எங்கள் மெக்கானிக், பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், படுத்துக்கொண்டு என்ஜினின் அடியிலுள்ள ஆயில் சேம்பரைக் கழற்றினார். உள்ளே ஆயில் எங்கே இருந்தது? தார் மாதிரி ஒரு களிம்பு. சல்லடையை அடைத்துக்கொண்டு, ஆயிலை மேலே ஏற விடாமல் செய்திருக்கிறது. ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஒரு பேரிங்கைக் கழற்றித் துடைத்தார். டார்ச் அடித்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாப்ட்டை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். நேரில் அது கண்ணாடியாய் மின்னியது. இத்தனை டன் தண்ணீரையும் இழுத்தது இந்த இரும்பு. அதற்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே முடி அளவுகூட இல்லாத ஆயில். அந்த மெல்லிசுப் படலத்தின் மேல்தான் நான்கு பேர் சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாடி! கோயில் கர்ப்பக்கிரகத்தில்கூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை.

"பேரிங்லதான் கோடு. கிராங்க் பொழச்சிட்ச்சு" என்றார் பாய். "இன்னும் ஒரு நிமிசம் ஓட்டியிருந்தா அவ்ளோதான்."

ஏழுமலை முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பத்தாயிரம் ஆகாமலேயே ஆயில் ஏன் இப்படி ஆனது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஏழுமலையோடு வேறொரு லாரியில் ஏறி நாவலூர் போனேன். அடுக்குமாடியின் கேட் வளைவு தாழ்வு என்பதால் லாரி உள்ளே போகாது. வெளியே நிறுத்தி, நீளக் குழாய் போட்டு, லாரியின் என்ஜினாலேயே பம்ப்பை ஓட்டித் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். முக்கால் மணி நேரம் என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அசையவே இல்லை.

பளாரென்று அறை விழுந்த மாதிரி இருந்தது. ஒரு நாளைக்கு நாலு லோடு. லோடுக்கு முக்கால் மணி. அங்கேயே சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டேன். கடைசியாக ஆயில் மாற்றிய பிறகு ஓடிய மூன்று மாதத்தில் அந்த என்ஜின், நின்ற இடத்திலேயே, இரண்டு முறைக்கு மேல் காசிக்குப் போய் வந்த உழைப்பை உழைத்திருக்கிறது. என் சார்ட்டில் அதற்கு ஒரு சொட்டு மைகூட இல்லை.

"என் தப்பு அண்ணாத்த" என்றேன்.

"வுடு சார். தெனம் நின்னுகினே ஓட்றவன் நானு. எனக்கே தோணல, உனக்கு எப்டித் தோணும்?"

அன்றே முதலாளியிடம் ஒப்புக்கொண்டு சார்ட்டைக் கிழித்தேன். அப்புறம் எங்கள் யார்டில் ஒரு வழக்கம் வந்தது. லோடுக்கு ஒரு கோடு என்று டிரைவர்கள் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் போடுவார்கள். நூறு கோடு ஆனால் ஆயில். கழற்றிய ஆயிலைக் கட்டட வேலைக்காரர்கள், கூரைக்குக் கான்கிரீட் ஊற்ற அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகையில் பூச வாங்கிப் போவார்கள். இப்போது நான் குடியிருக்கும் கூரையிலும் ஏழுமலையின் ஆயில் இருக்கலாம், யார் கண்டது!

அந்த யார்டு இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம். புளியமரமும் இல்லை, பாயும் இல்லை.

போன வருஷம் ஏழுமலை கூப்பிட்டார். பெண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். கடற்காற்றில் பாடி துருப்பிடித்து, லாரிக்கு இனி ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று, எஃப்.சி., கிடைக்காது என்று ஆகிவிட்டது. செங்கல்பட்டுக்கு வெளியே, பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் இடத்தில் ஒப்படைக்கப் போகிறாராம். "நீயும் வா சார்" என்றார். போனேன். தானே ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நிறுத்தி, கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்ஜினை அணைத்தார்.

அந்த இடத்து ஆள் முதல் வேலையாக அடியில் படுத்து ஆயிலை இறக்கினான். இன்னும் முழுசாகக் கறுக்காமல், தேன் நிறத்தில் இறங்கியது. அவன் வெளியே தலையை நீட்டினான்.

"இன்னாண்ணே, ஒடைக்கற வண்டிக்குப் புது ஆயில் ஊத்திகினு வந்துகீறே?"

ஏழுமலை பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வரிக்கும் ஓடி வரணுமில்லப்பா அது" என்றார்.