வூட்டுக்கு ஒரு ஆள்

ஆள் எண்ணாமல் நதியா ஒரு நாளும் வேலை தொடங்கியதில்லை. மாசி மாதத்து அந்த வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கும் புதூர்நாட்டில் எழும்பிக்கொண்டிருந்த மாணவிகள் விடுதியின் வாசலில் நின்று எண்ணினாள். இருபத்திரண்டு பேர். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

மலையில் எட்டாவது வரை படித்தவள். பதினெட்டு வயதில் கான்கிரீட் வேலைக்குச் சித்தாளாகப் போனாள். கல்யாணமான மூன்றாம் ஆண்டு புருஷன் மைசூர்ப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும், அண்ணன் சின்னராசு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை பாண்டுச் சட்டி ஜல்லி, எத்தனை சட்டி மணல், எத்தனை குடம் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்தே மனதில் ஏற்றிக்கொண்டாள். சந்தவாசலிலிருந்து வந்த மேஸ்திரி ஒருநாள் கணக்கில் பிசகியபோது, தலைச்சுமையோடு நின்றபடியே திருத்தினாள். "ஏம்மா, நீயே மேஸ்திரியா இருந்துக்கோயேன்" என்று அவர் கேலி பேசினார். ஆறு வருடம் கழித்து அவர் முழங்கால் வலியில் மலை ஏறுவதை விட்டபோது, அந்த இடத்தில் நின்றது நதியாதான்.

அவள் மேஸ்திரி ஆனதிலிருந்து இருபத்திரண்டு வீட்டுக்காரர்கள் குடகுக்குக் காப்பி பறிக்கப் போகும் லாரியில் ஏறவில்லை. பிள்ளைகள் நடுவில் படிப்பை நிறுத்தவில்லை. இந்த விடுதியைக் கட்டும் கம்பெனிக்கு இன்னும் மூன்று கட்டட வேலை இதே மலையில் இருக்கிறது. ஆனால் இன்ஜினியர் தனசேகரன் போன வாரமே சொல்லிவிட்டார். "தளம் போடுற அன்னிக்கி ஆள் கொறஞ்சா கம்பெனி கீழருந்து சொந்த ஆளை எறக்கிடும் மேஸ்திரிம்மா. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அதனால்தான் அவள் நேற்று நெல்லிவாசல்நாடு வரை நடந்து, வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு ஒரு ஆள். மலையில் காலங்காலமாக அப்படித்தான். கூரை வேய்வதானாலும் ஏரிக்கரை போடுவதானாலும் வீடுதான் வாக்குக் கொடுக்கும். இன்றைக்கு அண்ணன் வருவான், நாளைக்குத் தம்பி வருவான், அவனுக்கும் முடியாவிட்டால் அம்மா வருவாள். ஒரு ஆள் வந்தால் வீடு வந்த மாதிரி. இன்னார் என்று யாரும் கேட்பதில்லை.

வாசலில் நின்ற மெஷின் கேட்டது.

தை மாதம்தான் அதை வைத்தார்கள். ஒவ்வொருவராக முகத்தைக் காட்ட வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போகலாம். தை முழுக்க அதே ஆட்கள் வந்ததால் தொல்லை இல்லை. மாசி பிறந்ததும் புளியம்பழம் உலுக்கும் காலம் வந்தது. மரம் ஏறத் தெரிந்தவர்கள் மரம் ஏறப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகத் தம்பியும் மனைவியும் தாயும் வந்து நின்றார்கள்.

முதலில் சின்னராசு முகம் காட்டினார். பச்சை. அவருக்குப் பின்னால் மங்கம்மாள். சிவப்பு. தலைமுக்காட்டை எடுத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு.

"இன்னாடி இது, என்ன கண்டா மட்டும் மொறைக்குது?"

"அத்தை, உங்க மவன் வெற்றிச்செல்வன் மூஞ்சிதான் அதுல இருக்குது" என்றாள் நதியா.

"அவன் மூஞ்சி எங்கேர்ந்து வந்துச்சாம்? பெத்தது நானு. உத்துப் பாக்கச் சொல்லு."

வரிசை சிரித்தது. நதியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் சிவப்பு. அதற்கடுத்தவரும் சிவப்பு. இருபத்திரண்டு பேரில் ஆறு பேருக்குத்தான் பச்சை எரிந்தது.

தனசேகரனிடம் ஓடினாள். "சார், அதே வூடுங்கதான் சார். ஆள்தான் மாறியிருக்காங்க. நீங்க பாத்து உள்ள உடுங்க."

"எனக்கு ஆசையாம்மா உடாம இருக்க? பதிவு இல்லாத ஆளு மேலருந்து உழுந்தா ஒரு பைசா காப்பீடு கெடைக்காது. போன வருஷம் வேற சைட்ல ஒருத்தர் உழுந்தாரு. அவரு சம்சாரத்துக்கு நான்தான் பதில் சொன்னேன். இன்னொரு தபா என்னால முடியாது."

"புதுசா பதிஞ்சிடலாம் சார்."

"ஆதாரு வேணும். அதுல குடுத்த போனுக்கு ஒரு நம்பர் வரும், அத சொல்லணும். அப்புறம் சென்னையில ஓகே பண்ணணும். லாரி திருப்பத்தூர்ல கெளம்பிடுச்சும்மா. ரெண்டு மணி நேரத்துல இங்க நிக்கும். கலவை காத்துக்கினு இருக்காது."

அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் மங்கம்மாளின் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு மூச்சிரைக்க ஓடினாள். அட்டையோடு சேர்ந்திருந்த போன், புளியமரத்தில் இருந்த வெற்றிச்செல்வனின் சட்டைப்பையில் இருந்தது. அழைத்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழைத்துப் பார்த்தாள். மேட்டிலிருந்து பார்த்தபோது கீழ் வளைவில் முதல் கலவை லாரியின் வயிறு சுழன்றுகொண்டே ஏறி வருவது தெரிந்தது. நின்று பார்க்க நேரமில்லை. திரும்பி ஓடி வந்தாள்.

"ஆறு பேரை வெச்சிக்கினு போடுவோம் சார்" என்றாள்.

தனசேகரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முடியுமா?"

"முடியலன்னா கீழ் ஆளை எறக்குங்க."

அன்றைக்கு அவள் வேலை வாங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கலவையை மேலே ஏற்றக் கம்பெனி புதிதாக அனுப்பிய பம்ப்பின் குழாய் முனையைப் பிடிக்க ஒருவர், பரப்ப இரண்டு பேர், மட்டக்கட்டை இழுக்க இரண்டு பேர், கலவையை இறுக்கும் வைப்ரேட்டரோடு சின்னராசு. நதியா எல்லா இடத்திலும் இருந்தாள். குழாய் அடைத்துக்கொள்ளப் பார்த்தபோது, பம்ப் ஆபரேட்டர் தண்ணீர் விடக் கைநீட்டினார். கையைத் தட்டிவிட்டாள். "தண்ணி உட்டா ஓடும். அப்புறம் தளம் நிக்குமா? குழாயைத் தட்டுய்யா." அவர் முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலால் தட்டினார். கலவை இறங்கியது. யாரும் சாப்பிடக் கீழே இறங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற பதினாறு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் நின்று பார்த்தார்கள். மங்கம்மாள் கம்பி வேலி வழியாகக் கூழ்ச் செம்பை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"அடே சின்னராசு, மூலைய உட்டுட்ட பாரு! மாமியா வூட்ல சாப்புடற மாதிரி நடுவுல மட்டும் பாக்குற" என்று அங்கிருந்தே கத்தினாள்.

ஐந்து லாரிக் கலவையும் இறங்கி, மட்டம் பார்த்து முடித்தபோது மணி இரண்டரை. முன்பெல்லாம் இதே அளவுத் தளத்துக்கு இருபத்திரண்டு பேரும் பொழுது சாய்கிறவரை பாண்டு சுமந்தார்கள். நதியா தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள்.

தனசேகரன் மேலே வந்து மட்டம் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. கம்பெனிக்குப் படம் அனுப்பிவிட்டதாகவும், மேலதிகாரி பாராட்டியதாகவும் சொன்னார். பிறகு சொன்னார்:

"இனிமே எல்லாத் தளத்துக்கும் ஆறு பேர் போதும்னு சொல்லிட்டாங்கம்மா. கூட நீங்க. பேர் எழுதிக் குடுங்க."

அவள் முதலில் அது தமாஷ் என்றே நினைத்தாள். "இருபத்திரண்டு வூடு சார் எங்களுது."

"நீங்கதானம்மா முடிச்சிக் காட்டுனது?"

அவள் ஓரத்திலிருந்து எழுந்து வந்து கேட்டாள்: "எல்லார் மூஞ்சியும் பதிஞ்சிக்கலாம் சார். வாரம் ஆறு வூடுன்னு மாத்தி மாத்தி வர்றோம். எங்க ஊரு வழக்கமே அதான்."

அவர் கேட்டுப் பார்த்தார். உண்மையாகவே கேட்டார். தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து இல்லை என்று தலையை ஆட்டினார். ஆறு பேருக்குத்தான் மெஷின் பயிற்சி, ஆறு பேருக்குத்தான் காப்பீடு. கட்டடம் முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. "இன்னிக்கி நின்ன ஆறு பேரையே எழுதிடுங்க. உங்களுக்கும் சங்கடம் இல்ல."

நதியா சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். ஐந்து பெயர்கள் எழுதினாள். ஆறாவது பெயரில் பேனா நின்றது. எதிரே சின்னராசு வைப்ரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு பேரில் நல்ல கை அவருடையது. ஆனால் அவள் கூலியும் அதே வீட்டுக்குத்தான் போகிறது. வேலிக்கு வெளியே மங்கம்மாள் நிற்கிறாள். அவள் மருமகளுக்கு எட்டு மாதம். வெற்றிச்செல்வன் குடகுக்குப் போனால் அந்தப் பெண்ணைத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"அண்ணா" என்றாள்.

சின்னராசு நிமிராமலே சொன்னார். "ஒரு வூட்டுக்கு ஒரு ஆள்தான். நீ இருக்கற இல்ல? எழுதும்மா."

எழுதினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவர் வெற்றிச்செல்வனுக்கு வைப்ரேட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "கம்பியில படாம எறக்கு. நேரா எறக்கு, மெதுவா தூக்கு. எண்ணிக்கினே தூக்குடா." அந்தப் பையன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பித் தோட்டத்து லாரி புதூர்நாட்டில் நின்றது. பதினாறு வீட்டிலிருந்தும் துணி மூட்டையோடு வந்திருந்தார்கள். சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வழியனுப்ப வந்த மங்கம்மாள் மட்டும் லாரியைப் பார்த்துச் சொன்னாள், "அங்க மூஞ்சி கேக்க மாட்டான். ஏறுங்க."

சின்னராசு கடைசியாக ஏறினார். பலகையை இழுத்துச் சாத்தினார்கள். நதியா வழக்கம்போல எண்ணத் தொடங்கினாள். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் அசைந்ததால் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் லாரி வளைவில் திரும்பிவிட்டது.