எழுதாமல் நிற்கும் பதினெட்டாவது வேகன்

தந்தி ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தது. நான் பெயிண்ட் ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பாபு வந்து வாசலிலேயே நின்றார். "பாக்கியம், அந்த மூலையை மட்டும் இன்னிக்குப் பெருக்காதே" என்றார். அது தணிகாசலம் அண்ணன் உட்காருகிற மூலை. அவருடைய ஸ்டூலும், பிரஷ் நிற்கிற டின்னும், கை துடைக்கிற துணியும் அங்கே இருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்க்க மெட்ராஸ் போன மனிதர். அவரை ஏற்றிக்கொண்டு போன கப்பல் திரும்பி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதில் அவர் வரவில்லை. இப்போது தந்தி வந்திருக்கிறது. அங்கேயே எரித்தும் விட்டார்களாம். முகம் பார்க்கவும் நமக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய நினைவு மலருக்கு, அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தரவேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். எனக்குப் படிப்பு இல்லை. யுத்தகாலத்தில் ஜப்பான்காரன் இந்தத் தீவுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் நின்றது, இரண்டாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. ஆனாலும் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல, சங்கத்து ஆள் ஒருவர் எழுதிக்கொள்கிறார்.

படகில் போய்வருகிற எல்லோருக்கும் அவர் கை தெரியும். ஜெட்டியில் நிற்கிற படகுகளின் மூக்கில் இருக்கிற பெயரெல்லாம் அவர் எழுதியதுதான். அலை அடித்து அடித்துப் பலகை இற்றுப்போகும், எழுத்து அப்படியே நிற்கும். ஆனால் லம்பா லைன் பகுதியில் அவருடைய குவார்ட்டர்ஸுக்குள் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களுக்குத்தான் அந்த ரயில் தெரியும்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் மெயின்லேண்டில் வேகன் பட்டறையில் பெயிண்டர். கூட்ஸ் வண்டியின் பெட்டிக்குத்தான் வேகன் என்று பெயர். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அதன் நம்பர், எவ்வளவு பாரம் ஏற்றலாம், வெறும் பெட்டியின் எடை என்ன என்பதையெல்லாம் வெள்ளையில் எழுதியிருக்குமாம். அதை எழுதுவதுதான் அவர் வேலை. சம்சாரம் இறந்துபோனதும் அந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் கப்பல் ஏறிவிட்டார். வந்து இறங்கிய தீவில் ரயிலே கிடையாது. அதனால் தானே செய்ய ஆரம்பித்தார்.

மர மில்லில் கழித்துப்போட்ட படாக் மரத் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒரு சாண் நீளத்துக்கு ஒவ்வொரு வேகனாகச் செய்வார். பித்தளைக் குழாயை அறுத்துச் சக்கரம். முன் அறைச் சுவரோரமாகக் கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம். அரிசியைவிடச் சின்னதாக எழுத்து எழுதுவார். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், ஒரு நம்பர் முடிந்ததும் புஸ்ஸென்று விடுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் வாயைத் திறக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டைக் கூட்டிப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரயிலுக்கு இஞ்சின் கிடையாது. பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் தினமும் ஜன்னலில் தலையை விட்டு, "அரே தணிகாசலம், இஞ்சின் கிதர் ஹை? எங்கே இஞ்சின்?" என்று கேட்பார். "இஞ்சினைப் பத்தி எனக்கு என்ன தெரியும் தாதா? நான் பாத்தது வேகன். வண்டி நிக்கட்டும், இழுக்கறவன் வருவான்" என்பார் அண்ணன். இத்தனை வருஷமும் கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சிரிப்பார்கள்.

நான் செய்த தப்பை இனிச் சொல்கிறேன். ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஒர்க்‌ஷாப்பில் எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தேன். அவர் டூட்டியில் இருந்தார். வேகன்களைப் பார்த்தேன். அப்போது பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் கரி, துரு, எண்ணெய் வடிந்த கோடு. இத்தனை அழகாக எழுதிவிட்டு மனிதர் இப்படி அழுக்காக வைத்திருக்கிறாரே, பூஜைக்கு ஆகுமா என்று நினைத்தேன். சோப்புத்தூளும் தேங்காய்நாரும் எடுத்து, பன்னிரண்டையும் தேய்த்துக் கழுவினேன். எழுத்து எனாமல் பெயிண்ட் என்பதால் போகவில்லை. அழுக்கெல்லாம் போய்விட்டது. துடைத்து வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப்பொட்டும் வைத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு வேகனைக் கையில் எடுத்துத் திருப்பினார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு பாக்கியம். பட்டறையை விட்டு இப்பதான் வெளிய வந்த மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வங்காளிக்காரர்தான் மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், அது அழுக்கு இல்லை, அவர் மூன்று மாதமாகத் துருத்தண்ணீரும் விளக்குக்கரியும் தொட்டுத் தொட்டு எழுதிய அழுக்கு என்று. நேரே அண்ணனிடம் ஓடினேன். போய் அழுதேன். "அட, அழாதே. அழுக்கு ஒட்டாத வேகன் வேலை செய்யாத வேகன். அவ்வளவுதான் விஷயம். மறுபடி ஓட விட்டா மறுபடி அழுக்காகும்" என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்தத் தடவை சாக்பீஸ் எழுத்தும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூட்ஸ் யார்டில் நிற்கிற நிஜ வேகன்களில் மூட்டை ஏற்றுகிறவர்கள் போகிற ஊரின் பேர், காலி, உப்பு என்று சாக்பீஸில் கிறுக்கிவைப்பார்களாம். எண்ணிக்கைக்கு நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்களாம். அண்ணன் எழுதிப் பார்த்தார், அழித்தார், திரும்ப எழுதினார். ஒரு வாரம் இப்படியே போனது. ஒருநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து, "பாக்கியம், கையைத் துடைச்சிட்டு வா. நீ எழுது" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. ஹாஜரி புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க ஒர்க்‌ஷாப்பில் ஆள் கூடும். "பாக்கியம் கையெழுத்துப் போட்டா மத்தவனுக்கு இடம் இருக்காது" என்பார்கள். கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்கு வெளியே போய் விழும். இவரும் கேலி செய்கிறாரே, கழுவினதற்குத் தண்டனையா என்று நினைத்தேன்.

"படிக்காதவள்னு சொல்லிக் காட்டுறீங்களாண்ணே?"

"இல்லம்மா. என் கையைப் பாரு" என்று கையை நீட்டினார். "நேரா எழுதி எழுதி இது கெட்டுப்போச்சு. கோணலா எழுதுன்னா எழுத மாட்டேங்குது. முப்பது வருஷமா கத்துக்கிட்டதை எப்படி மறக்கறது? நீ எழுது, உனக்கு வரும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஈரோடு. காலி. உப்பு. காட்பாடி. 'காட்பாடி' பெட்டியின் ஓரத்தில் மடங்கிக் கீழே இறங்கியது. "அப்படித்தான், அப்படித்தான்!" என்று தொடையில் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கழுவின பாவத்துக்கு மனசு ஆறட்டும் என்று என்னை ஏமாற்றுகிறார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் ஒரு பெரியவர். ரிட்டயரான ரயில் கார்டு. மகனுக்கு இங்கே வேலை என்று பார்க்க வந்திருந்தார். யாரோ சொல்லி அண்ணன் வீட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் படுத்து, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். அண்ணன் எழுதிய நம்பர்களையெல்லாம் "சரி, சரி" என்று தாண்டிக்கொண்டே போனார். சாக்பீஸ் எழுத்து வந்ததும் நின்றார்.

"இதை எழுதினது யாருங்க? நம்ம யார்டு ஆள் எவனாச்சும் இங்க வந்துட்டானா?"

அண்ணன் டீ டம்ளரோடு நின்ற என்னைக் காட்டினார்.

"ஏம்மா, நீ எந்த யார்டுல லோடிங் பாத்தே?"

"நான் ரயிலே பாத்ததில்லீங்க. இங்கயே பொறந்தவ."

அவர் எழுந்து உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தார். "நீ எழுதினது எழுத்து. இந்தம்மா எழுதினதுதான்யா வண்டி" என்றார். அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் என் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம் என்று சொன்னால் தப்பில்லை. மழைக்காலத்து ஈரத்தில் சாக்பீஸ் கலங்கிவிடும். வார்னிஷ் அடித்தால் நிற்குமே என்று பலர் சொன்னார்கள். "சாக்பீஸ்ல எழுதறதே அடுத்த யார்டுல அழிச்சிட்டு வேற எழுதத்தானே" என்பார் அவர். மழை விட்டதும் கூப்பிடுவார். "வண்டி வந்து சேந்துடுச்சு பாக்கியம், வா." பழையதை விரலால் அழித்துவிட்டு, அவர் சொல்லுகிற புது ஊரை எழுதுவேன். நான் பார்க்காத ஊரெல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும்.

கப்பலுக்கு முந்தின நாள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உடம்பு பாதியாகியிருந்தது. துணிப்பையிலிருந்து பதினெட்டாவது வேகனை எடுத்தார். நம்பரெல்லாம் எழுதி, அழுக்கும் பூசி முடித்திருந்தார்.

"இதுக்கு என்ன எழுதணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன். எழுதிடு பாக்கியம்."

மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. நான் இடுப்பில் குடத்தோடு நின்றேன். பின்னால் ஐந்து பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, பானி வந்திருக்கு. விட்டா இனி என்னிக்கோ. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க, வந்ததும் எழுதறேன்" என்றேன்.

"சரி. நிக்கட்டும். யார்டுல நிக்கற வண்டிதானே" என்றார். வேகனை எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டு நடந்தார். மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நாலு குடம் தண்ணீர் பிடித்தேன்.

போன மாதம் அவர் தங்கை மகனிடமிருந்து கடிதம் வந்தது. "மாமா செய்த பொம்மைகளை நன்றாகச் சுத்தம் செய்து, பெட்டியில் போட்டு அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். நானும் அன்றைக்கு நல்ல எண்ணத்தில்தான் கழுவினேன். பதினேழு வேகன்களையும் அப்படியே பெட்டியில் வைத்தேன். பக்கம் எதிலும் உரசக்கூடாது என்று சக்கரத்துக்குச் சின்னச் சின்னக் கட்டை அடித்து நிறுத்தினேன். மூடியின் உள்பக்கம் கரித்துண்டால் 'துடைக்க வேண்டாம்' என்று எழுதினேன். கடைசி எழுத்து வழக்கம்போல ஓரத்தில் மடங்கிவிட்டது. கப்பல் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை.

தம்பி, இந்த மலர் உங்கள் கைக்கு வருமோ என்னவோ. வந்தால் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அது அழுக்கு இல்லை. துடைத்தால் திரும்ப எழுத அங்கே ஆள் இல்லை.

பதினெட்டாவதை மட்டும் நான் அனுப்பவில்லை. அது தப்பென்றால் என் பேரில் இருக்கட்டும். எங்கள் ஜன்னலில் அவர் வைத்த இடத்திலேயே நிற்கிறது. நம்பர் இருக்கிறது, எடை இருக்கிறது, துரு இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு விரல் அகலம் வெறுமையாக இருக்கிறது. இரண்டு மூன்று தடவை சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டேன். எழுத எனக்கு வரும், அவரே சொன்னார். எந்த ஊர் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நானாக ஒரு ஊரை எழுதிவிட்டு, அது அவர் யோசித்து வைத்த ஊராக இல்லாமல் போனால் என்ன செய்வது?

சாக்பீஸ் ஒரு விரல்கடை நீளம் மிச்சம் இருக்கிறது. இந்த ஊர்க் காற்றுக்கு நமத்துப்போகும் என்று, துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.