ஒரே படம், ஒரே கப்பல்

வடிவேல் கரியைக் கையில் எடுத்தால் போதும், பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். குன்னூருக்கு மேலே அந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது வெறும் இரும்புக் குழாய். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அங்கே ஊற்றுநீர் விழும் இடத்தைச் சொன்னதுபோல, அதையும் பீலி என்றே சொன்னார்கள்.

அவனும் அப்படி வந்தவன்தான். அங்கே அட்டன் பக்கத்தில் காமன் கூத்துக்காரர்களுக்கு முகம் எழுதியவன். இங்கே ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு நம்பர் எழுதினான். உடைந்த பெட்டிப் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணில் பட்ட முகங்களை அவற்றில் வரைவான். ஏன் என்றால் அவனுக்கே தெரியாது. கை அரித்தது, வரைந்தான்.

தோட்டத்துக்கு அந்தப் பதில் போதவில்லை.

"ஏனுங்க வடிவேலு, போலீசுக்கு ஏதாச்சும் வரைஞ்சு குடுக்கறீங்களா?" என்றார் மேஸ்திரி நல்லசாமி. வாய் சிரித்தது. கண் பலகையை விட்டு நகரவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களின் பயம் வேறு. இலங்கையில் ஒருநாள் அவர்களைக் குடும்பம் குடும்பமாக பெஞ்சில் உட்காரவைத்து பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்தார்கள். படத்தில் இருந்தவர்கள் கப்பலேறினார்கள்; இல்லாதவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அடுத்த வீட்டுக் கருப்பம்மாவின் மூத்த மகள் சின்னம்மை, கட்டிக்கொடுத்த பெண் என்பதால் படத்தில் இல்லை.

"எங்க மூஞ்சிய எழுதி யாருக்கு அனுப்புற தம்பி?" என்று கருப்பம்மா கேட்டாள். "இந்தவாட்டி எந்தக் காட்டுக்கு ஏத்தப் போறானுக?"

"நானும் ஒங்களோட கப்பல்ல வந்தவன்தானே அக்கா."

"வந்தே. ஒத்தையா வந்தியே, அது ஏன்?"

அவன் அண்ணன் காத்தமுத்து இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு அங்கேயே தங்கிவிட்டான். அதைச் சொல்ல வடிவேலுக்கு வாய் வரவில்லை. சொல்லாததும் சந்தேகக் கணக்கில் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பினால், கதவு மூலையில் அடுக்கியிருந்த பலகைகளைக் காணோம். மேஸ்திரியாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தான். பிறகு எதிர்ப்பட்ட ஒவ்வொருவர் கையையும் பார்த்தான், கரி ஒட்டியிருக்கிறதா என்று. கருப்பம்மா வீட்டு வாசலில் கால் நின்றது. பலகைகள் அடுப்பருகே விறகோடு விறகாகக் கிடந்தன. ஒன்று மட்டும் அவள் மடியில்.

"எரிக்கத்தான் எடுத்தாந்தேன்," என்றாள். குரலில் கூச்சமே இல்லை.

"அப்புறம் ஏன் எரிக்கல?"

அவள் மடியிலிருந்ததைத் திருப்பிக் காட்டினாள். குழாயடிக் கல்லில் அவளும் புருஷனும் இரண்டு பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக்காம எழுதிட்ட. சரி. இந்த ஓரத்துல எடம் கெடக்குல்ல? சின்னம்மைய எழுது."

"அந்தப் புள்ளய நான் பாத்ததே இல்லையே அக்கா."

"மூக்கு என்னோடது. நெத்தி அவ அப்பனோடது. மிச்சத்த நான் சொல்றேன். ஒரே படத்துல இருந்தா ஒரே கப்பல். அவனுக சட்டந்தானே? எழுது."

காமன் கூத்து முகங்களை ஒரே இழுப்பில் எழுதியவன் இப்போது கரியைத் திரும்பத் திரும்பக் கூராக்கினான். அந்த முகங்கள் விடிந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். இதை ஒருத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கப் போகிறாள். கருப்பம்மா தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கோட்டையும் சந்தேகப்பட்டாள். "காது இவ்வளவு பெருசா? யாரு சொன்னா ஒனக்கு? சிரிக்க வைக்காத, அவ சும்மா சிரிக்கமாட்டா." அழித்தான், வரைந்தான், திரும்பவும் அழித்தான். ஒரு கட்டத்தில் அவள் குனிந்து பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்: "இவ வரலேன்னா ஒன்னயச் சும்மா விடமாட்டேன்." மற்றப் பலகைகளைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், அடுத்தவருக்குத் தெரியாமல். அவனை நம்பி வந்ததாகச் சொல்ல முடியாது. அங்கே விட்டுவந்த தாயை, தம்பியை, தங்கையைத் தங்கள் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அவன் கை பொய் சொல்கிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். அவனும் அதைத்தான் பார்த்தான். கை அரித்ததற்காக வரைந்த காலம் போய்விட்டது.

கடைசியில் தனக்கென்று ஒரு பலகை எடுத்தான். காத்தமுத்துவின் புருவத் தழும்பு வரை வந்துவிட்டது. பக்கத்தில் தன்னை வரைய இடம் இருந்தது. கரியை அங்கே கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான்.

ஒரே படம் என்றால் ஒரே கப்பல், சரி. அந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று கருப்பம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.