நான் வாங்காத குளிர்சாதனப் பெட்டி

இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடும் அப்பாவோடும் தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில்தான் குடியிருப்பு. தலவாக்கலையில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. அரசாங்கச் சம்பளக்காரிக்கு வங்கி கடன் தராமல் போகாது என்ற தைரியத்தில் நிலத்துக்காரரிடம் முற்பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

வங்கியில் கடன் பிரிவைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"டீச்சர், உங்கட பேரில ஒரு கடன் கட்டாமல் கிடக்குது. ஹற்றனில ஒரு கம்பனியில பிரிட்ஜ் எடுத்திருக்கிறியள்."

"எங்க லயத்துல ஒரு வீட்லயும் பிரிட்ஜ் இல்லீங்க சேர்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உங்கட கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கோ. எங்கெங்க உங்கட பேரில கடன் இருக்குதெண்டு அதில தெரியும். இப்ப ஆக்கள் தாங்களே கேட்டு எடுக்கலாம்."

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வங்கியிலேயே எழுதிக் கொடுத்து, அறிக்கை கையில் கிடைத்தபோது அதில் இரண்டு கடன்கள் இருந்தன. ஒன்று, அப்பாவுக்காக நான் தவணைக்கு எடுத்த தொலைக்காட்சி. அது கட்டி முடிந்திருந்தது. மற்றது அதே கம்பனியில், அடுத்த வருடம் எடுத்ததாகக் காட்டிய பிரிட்ஜ். அதற்கு ஒரு தவணைகூடக் கட்டப்படவில்லை.

ஹற்றனுக்குப் போனேன். அந்தக் கம்பனியின் முகாமையாளர் சிங்களவர். அந்தக் கடனுக்குரிய கோப்பை எடுத்து வந்து என் முன்னால் திறந்து வைத்தார். தொலைக்காட்சிக்காக நான் கொடுத்த அடையாள அட்டைப் பிரதியேதான் அதிலும் இருந்தது. விண்ணப்பத்தில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. தொழில் என்ற இடத்தில் 'தோட்டத் தொழிலாளி'.

அந்தப் பிரதியை அப்பா கையிலிருந்து வாங்கிப் போனவன் கம்பனியின் விற்பனையாளன்; தொலைக்காட்சிக்கு நான் ஹற்றனுக்குப் போய்த்தான் கையொப்பமிட்டேன், அவன் என்னைப் பார்த்ததில்லை. சம்பள நாட்களில் வேனில் சாமான்களோடு லயத்துக்கே வருவான். என் பேரில் பிரிட்ஜை எடுத்துப் போனவனும் அவன்தான். முகவரியில் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும், இவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அவனாகவே முடிவு கட்டியிருக்கிறான். கடனைவிட அதுதான் என்னைச் சுட்டது. முகாமையாளரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, என் கையொப்பத்தைப் போட்டு அந்த ரேகைக்குப் பக்கத்தில் வைத்தேன். "நான் ஒரு ஆசிரியை" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்.

அந்த வேனில் சாமான் எடுத்தவள் நான் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வீடு வீடாகப் போய், எல்லோரும் தங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"நாங்க எந்த பேங்குல போயி கடன் கேக்கப் போறோம் டீச்சர்? நமக்கெதுக்கு அதெல்லாம்?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஒங்க பேர்ல இப்படி கடன் கெடந்தா, நாளைக்கு ஒங்க மகன் ஆட்டோ எடுக்கணும்னா யாருங்க்கா பிணை நிக்கப் போறா?"

அடுத்த வாரம் அவள் என்னோடு வங்கிக்கு வந்தாள். அவள் பெயரிலும் ஒரு பிரிட்ஜ் இருந்தது. இன்னும் இரண்டு பெண்களுக்கும் அப்படியே. நால்வரும் சேர்ந்து பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். அந்தப் பையன் அகப்படவே இல்லை. கம்பனி கடன்களை ரத்துச் செய்தது. ஆனால் அறிக்கையிலிருந்து அது நீங்குவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. எத்தனை முறை ஹற்றனுக்கு பஸ் ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் தலவாக்கலை நிலத்தை வேறொருவர் வாங்கிவிட்டார். முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. வீட்டைப் பிறகு வட்டகொடையில் கட்டினோம். நிலம் சிறியது, ஏற்றமும் கூட. அம்மா இன்னமும் அந்தப் படிகளைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

யாருக்காவது அடையாள அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறேன் என்று அதன் குறுக்கே எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை அறிக்கையையும் எடுத்துவிடுவேன். போன தடவை வங்கியில் இருந்த புதுப் பெண், "மிஸ் லோன் ஏதும் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன்.