அம்மா வீடு சூளையில் இருக்கிறது

பரிமளாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், "என்னடி, காய்ச்சல் விட்டுச்சா?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவள் தம்பி. "அக்கா போயிடுச்சுங்க," என்றார். அவரே தொடர்ந்தார். "ஒரு பொண்ணு அக்கா நம்பருக்குக் கூப்டுகினே இருக்குதுங்க. இந்தியில என்னமோ சொல்லி அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியல." எனக்குப் புரிந்தது. சேவூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் வேலை செய்யும் சுமித்ராவாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு நிறைமாதம். பரிமளாவுக்காக அழுவதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்காகப் பயம் வந்தது.

ஊரில் உள்ள கர்ப்பிணிகளையெல்லாம் 'ஆஸ்பத்திரிக்குப் போ, போ' என்று துரத்தியவள், தன் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவளை அறிந்து, இந்த நினைவுக்குறிப்பைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும், அவள் ஆரணிப் பட்டுத்தறிக் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டத்துக்குப் பிறகு, வெளிமாநிலங்களிலிருந்து கூலி வேலைக்கு வரும் பெண்களுக்குப் பேறுகாலத்தில் என்ன கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை, ஏன் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதே ஆய்வில் புள்ளிவிவரங்களைப் பார்ப்பது என் வேலை. நான் வேலூரில் மின்விசிறிக்கு அடியில் இருப்பேன். அவள் நெற்களத்து வெயிலில் நிற்பாள்.

அவித்த நெல் காயும்வரை அந்தப் பெண்கள் ஓயாமல் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். மழை வந்தால்தான் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உட்காருவார்கள். அதனால் பரிமளா வானத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவாள். போனதும் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பாள், பேச்சு அப்புறம்தான். ஜல்தி, பேஜார் என்று ஆரணியில் புழங்கும் சொற்களை வைத்தே இந்தி பேசுவாள். "உன் இந்தியில இந்தி எங்கடி?" என்று கேட்டால், "அவங்களுக்குப் புரியுது இல்ல? உனக்கு ஏன் பேஜாரு?" என்பாள்.

அப்படி ஒரு மழையில்தான் சுமித்ராவைப் பார்த்தாள். பிரசவத்துக்கு எந்த மாதம் அம்மா வீட்டுக்குப் போவாய் என்று கேட்டிருக்கிறாள். எங்கள் கேள்விகளில் அதுவும் ஒன்று. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், வேறு எப்படிக் கேட்போம்? சுமித்ரா சிரித்துவிட்டாளாம். அவள் அம்மா வேறொரு மாநிலத்தில் செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா வீடு சூளையில் இருக்கிறது, அங்கேயா போய்ப் பெறுவது என்று கேட்டாளாம்.

அன்று மாலையே பரிமளா என்னைக் கூப்பிட்டாள். வரும் வழியில் சுகாதார செவிலியரைப் பார்த்திருந்தாள். நல்ல மனுஷி, வேலையில் குறை வைக்காதவர். அவரும், "கடைசி மாசத்துல நாங்க எதுக்குங்க தேடணும்? அம்மா ஊட்டுக்குப் போயிருக்கும்," என்றாராம். "நாமளும் அதத்தானே நெனச்சோம்? எல்லாரும் அம்மா ஊட்ல இருக்குதுன்னு நெனச்சிகினு இருப்போம், அது களத்துல வலி எடுத்துகினு கிடக்கும்," என்றாள் பரிமளா. கேள்வியை மாற்றினோம். 'வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாய்?' பலருக்கும் கூப்பிட ஆளே இல்லை. அதன் பிறகு அவளுக்கு நிம்மதி போயிற்று. நான் தைரியம் சொன்னால், "பயப்படறதுல தப்பில்ல. பயந்துகினே போய் நிக்கணும்," என்பாள். சுமித்ராவிடம் தன் எண்ணைக் கொடுத்து, வலி வந்தால் தானே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

தம்பியிடமிருந்து சுமித்ராவின் எண்ணை வாங்கி அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஆரணி போகும்வரை ஆட்டோவுக்குள் அதே எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆலை வாசலில் மேனேஜர் மறித்தார். "எப்பவும் வர்ற மேடம் வரலீங்களா? உங்கள யாருன்னே தெரியாதே, எப்பிடிங்க அனுப்பறது?" சுமித்ராவின் கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். என் தோளைத் தாண்டிப் பரிமளாவைத் தேடினாள். "தீதி?" என்றாள், அக்கா எங்கே என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், காய்ச்சல் என்று மட்டும் சொல்லி, அவளை அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் கேட்டார். "பொண்ணோட அம்மா எங்க? யாராச்சும் ஒரு பொம்பள கூட இருக்கணும்மா." ரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் எனக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுமித்ரா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நெடுநேரம் விடவில்லை. எதையெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை. பெண் குழந்தை. இருவரும் நலம்.

தீதிக்குக் காய்ச்சல் எப்போது விடும் என்று மறுநாள் கேட்டாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, குழந்தையை அணைத்தபடியே, ஆலையில் தன் பக்கத்து அறைப் பெண்ணுக்கும் மாதம் நெருங்குகிறது, அவளுக்கு இனி யார் வருவார் என்று கேட்டாள்.

பரிமளாவின் புடவை ஒன்றை நினைவாக எடுத்துக்கொள்ளும்படி அவள் தம்பி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவளுடைய பயம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்து அறைப் பெண்ணின் பெயரைக்கூட நான் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. நாளை ஆலைக்குப் போகிறேன்.