குமிழி வராத பெட்டி

ராக்கன் போன பங்குனியில் இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல். நாற்பத்திரண்டு வயது. பத்திரிகையில் செய்தி வரும்படியான மனிதர் அல்ல. புதுக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன்னால் ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் என்னோடு ஐந்து வருஷம் வேலை செய்தார். என் முகத்தில் இன்று இரண்டு கண்களும் இருப்பது அவரால். அவரைப் பற்றி முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் தடவை ஒரே வரிதான், அதுவும் தப்பான வரி. இப்போது கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

குளத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டும் குடும்பம் அவருடையது. அங்கே பாறையை உடைத்து ஐம்பது அடி போனால்தான் தண்ணீர். அண்ணன் சேவுகனும் அவரும் ஒரே கயிற்றில் ஏறி இறங்கியவர்கள். 1948-ஆம் வருஷக் கோடையில், பாழடைந்து கிடந்த ஒரு கிணற்றைத் தூர் வார இறங்கிய சேவுகன் ஏறி வரவில்லை. அடியில் கெட்ட காற்று. அண்ணனுடைய இரண்டு குழந்தைகளையும் ராக்கன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு செவந்தியைப் பெண் பார்க்கப் போனபோது, அந்த இரண்டு பேரையும் இரு கையில் பிடித்துக்கொண்டுதான் போனாராம்.

எங்களிடம் வந்தது 1961-இல், குடிதண்ணீர்க் கிணறு தோண்ட. எங்களிடம் என்றால் மணல் மேட்டில் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைத்தான் ஆராய்ச்சி நிலையம் என்று மதராஸில் சொல்லிக்கொண்டார்கள். விலங்கியல் படித்துவிட்டு வந்திருந்த நான் அங்கே உதவி ஆய்வாளர். ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை வீட்டில் தங்கியிருந்ததால் ஊர் என்னையும் டீச்சரம்மா ஆக்கிவிட்டது. பன்னிரண்டு அடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், உப்பே இல்லாத தண்ணீரைக் காட்டினார் ராக்கன். அப்படிப்பட்ட ஆளை அனுப்ப மனம் வரவில்லை. தினக்கூலி உதவியாளாக வைத்துக்கொண்டோம்.

எங்கள் வேலை மீன்களின் சத்தத்தைக் கேட்பது. கத்தாளை மீன் கூட்டமாக வரும்போது தண்ணீருக்குள் தவளை மாதிரிக் கத்தும். மீனவர்கள் துடுப்பைக் கடலில் அமிழ்த்தி அதன் மறு முனையில் காதை வைத்துக் கேட்டு வலை விடுவார்கள். அதையே கருவி வைத்துக் கேட்டு, என்ன மாதம், என்ன நேரம் என்று நாங்கள் குறித்து வைத்தோம். கரையிலிருந்து அரை மைலில், மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி ஆழத்தில், ஒரு பித்தளைப் பெட்டி கிடக்கும். குடத்தின் பருமன், ஒரு கை நீளம். அதற்குள் சத்தத்தைப் பெரிதாக்கும் கருவியும் அதற்கு இருபத்து நான்கு டார்ச்லைட் பேட்டரிகளும் இருக்கும். அங்கிருந்து கேபிள் கொட்டகைக்கு வரும். பெட்டிக்கு ஊரார் வைத்த பெயர் காது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை சத்தம் மங்கும். ரத்தினவேல் என்ற மீனவரின் வள்ளத்தில் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்போம். மூடியைச் சுற்றி எட்டு போல்ட். அவற்றைக் கழற்றி, பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து, ரப்பர் வளையம் மாற்றி, மூடி, தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடலில் இறக்குவோம்.

1962 ஆடியில், காதை முதல் தடவையாகக் கரைக்குக் கொண்டுவந்து திறந்தபோது, பெட்டிக்குள் கொஞ்சம் கடல் தண்ணீர் கசிந்திருந்தது. பேட்டரிகள் ஊறிப் பொங்கியிருந்தன. நான் மூடியை எடுத்ததும் ராக்கன் ஒரு சிமினி விளக்கை ஏற்றிக் கம்பியில் மாட்டிக்கொண்டு வந்தார். காலை பதினோரு மணி. வெயில் கொளுத்துகிறது.

“என்னண்ணே, காதுக்குத் தீபாராதனையா? தேங்காயக் காணோமே?” என்றார் ரத்தினவேல்.

“செத்த சும்மா இரு மாப்ள.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். புது வேலை, விளக்குக் காட்டிக் கும்பிடுகிறார். படித்தவள் என்று அதைத் தடுக்கக் கூடாது என்று பெருந்தன்மையாகப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்திக்கூடக் கொடுத்தேன். ஊறிய பேட்டரியில் ஹைட்ரஜன் உண்டாகும், அது தீப்பட்டால் வெடிக்கும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். விளக்கை அவர் பெட்டியின் வாய்க்குள் இறக்கினார்.

‘பொக்’கென்று ஒரு நீல வெளிச்சம். ராக்கனின் புருவம் போயிற்று, மீசை போயிற்று, இடது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

கம்பவுண்டர் ஊதா மருந்தைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான், எதற்காக விளக்கு என்று கேட்டேன்.

“பூட்டிக் கெடந்த கெணத்துல எறங்கணும்னா மொதல்ல வெளக்கத்தான் எறக்குவோம் டீச்சரம்மா. நின்னு எரிஞ்சா ஆளு எறங்கலாம். அணைஞ்சா கெட்ட காத்து. எங்கண்ணன் எறங்குன அன்னிக்கு ரேஷன் மண்ணெண்ணெ வரல. வெளக்கு இல்லாமயே எறங்கிட்டான். அன்னைலருந்து மூடிக் கெடக்குறது எதையும் வெளக்கு இல்லாம நான் தெறக்குறதில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இந்தக் காத்து வேற சாதி போலருக்கு” என்றார்.

அன்று மாலை மதராஸுக்கு அறிக்கை எழுதினேன். ‘விபத்துக்குக் காரணம் உதவியாளின் கவனக்குறைவு.’ பெட்டியைத் திறந்தவள் நான், விளக்கைப் பார்த்தவள் நான், சொல்லாமல் இருந்தவள் நான் என்று எழுதவில்லை. எழுதினால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பத்தே நாளில் உத்தரவு வந்தது: ராக்கன் இனிமேல் பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் வேலை போகும். அவரை நிரந்தரமாக்கச் சொல்லி முன்பு போயிருந்த விண்ணப்பமும் அந்த வரியால் நின்றுபோயிற்று. உத்தரவைப் படித்துக் காட்டினேன். “சரிங்க” என்றார்.

அதிலிருந்து நான் திறப்பேன், அவர் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நாள் அங்கிருந்தே கேட்டார்:

“அந்தக் காத்துக்கு நெறமும் இல்ல, மணமும் இல்லங்கிறீங்க. வெளக்கும் ஆகாது. பெறகு அது உள்ள இருக்குன்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?”

நான் படித்தது அதன் குணங்களை மட்டும்தான். அடுத்த முறை பெட்டி கரைக்கு வந்தபோது ஒரு கொட்டாங்கச்சியில் பூந்திக்கொட்டை நுரையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

“பஞ்சர் கடையில டியூப்பத் தண்ணியில முக்கிப் பாக்குறான்ல, அது மாதிரி. பக்கத்துல சின்னத் திருகு ஒண்ணு இருக்கே, அத அரைச் சுத்துத் தளத்தி, மேல நொரையப் பூசுங்க. காத்து வந்தா நொரை கொமிழி விடும். கொமிழி அடங்குன பெறகு போல்டுல கை வைங்க.”

அப்படியே செய்தோம். திருகைத் தளர்த்தியதும் நுரை மெல்ல உப்பும்; சில நாள் இரண்டு குமிழி, சில நாள் இருபது. அடங்கும் வரை காத்திருப்பேன். அந்தப் பக்கம் யாராவது பீடியோடு வந்தால் ராக்கன் எழுந்து போய் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டு வருவார். இப்படி இரண்டரை வருஷம். நாற்பது தடவைக்கு மேல் பெட்டி திறந்தோம். யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

1964 டிசம்பர்ப் புயலில் கேபிள் அறுந்து காது காணாமற்போனது. ஐந்து வாரம் கழித்து, மூன்று மைல் தள்ளிச் சேற்றிலிருந்து ரத்தினவேலின் வலையில் வந்தது. மதராஸிலிருந்து மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் கருவி பிழைத்திருந்தால் நிலையம் தொடரும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். தொடர்ந்தால் தினக்கூலி ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்கலாம் என்றும் அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. அதில் ராக்கன் பெயரை எழுத எனக்கு ஆசை. முதல் நாள் மாலை, “நாளைக்கு அதிகாரி கண்ணில் படுகிற மாதிரி பெட்டிப் பக்கம் வந்துவிடாதீர்கள்” என்று ராக்கனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“நான் ஏன் வாரேன்? அங்கிட்டு வள்ளத்து மறைவுல ஒக்காந்து பாத்துக்கிறேன்” என்றார்.

அதிகாரி சிகரெட்டும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். திருகைத் தளர்த்தினேன். நுரையைப் பூசினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நல்லதாகப் போயிற்று, உள்ளே காற்றே இல்லை என்று போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன்.

“இன்னும் எத்தனை நேரம்?” என்றார் அதிகாரி.

அவசரத்தில் மூடிக்கு நேராகக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐந்து வந்துவிட்டன. ஆறாவதில் ஸ்பானரை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்கிற்று. இன்னொரு கை பெட்டியின் மேல் விழுந்தது.

“டீச்சரம்மா, மொகத்த எடுங்க!”

“யாரய்யா இவன்?” அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார். வெந்த தழும்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “நீதானா அந்த விளக்கு ஆள்? உத்தரவு தெரியாதா உனக்கு? இன்றோடு உன் வேலை முடிந்தது. போ.”

“போறேங்கய்யா. இத முடிச்சுட்டுப் போறேன். கையில உள்ள சிகரெட்ட மட்டும் மண்ணுல பொதைச்சுருங்க.”

அவர் குரலில் என்ன இருந்ததோ, அதிகாரி புதைத்துவிட்டார்.

“குமிழியே வரவில்லையே ராக்கன்” என்றேன்.

“அதாங்க பயம். நாப்பது தடவ பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல பெட்டிக்கே ரெண்டு கொமிழியாச்சும் வரும். இது அஞ்சு வாரம் சேத்துல கெடந்த பெட்டி, இதுக்கு ஒண்ணுகூட வரலைன்னா? காத்து இல்லாம இல்ல. திருகோட தொளை உப்புல அடைச்சுக்கிருச்சு. மொத்தமும் உள்ளயே நிக்கிது. அங்க பாருங்க, ரப்பர் வெளிய பிதுங்கியிருக்கு.”

பார்த்தேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் உதடு மாதிரிப் பிதுங்கி நின்றது. நான் அதை வெறும் சேறு என்று நினைத்திருந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. நான் கழற்றிய ஐந்து போல்ட்டுகளையும் திரும்பப் போட்டார்; இறுக்காமல், தலைக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு. பெட்டியைப் படுக்கையாக மணலில் பாதி புதைத்து, மூடியைக் கடலைப் பார்க்கத் திருப்பினார். எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். பிறகு ஸ்பானரை ஒரு மூங்கிலில் கட்டி, பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, இறுகியிருந்த மூன்று போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்.

“என்னண்ணே, பாம்பப் புடிக்கிறியா?” என்றார் ரத்தினவேல். யாரும் சிரிக்கவில்லை.

ஓலைக் கொட்டகையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். மூடி எகிறி எட்டு போல்ட் தலைகளிலும் மோதி நின்றது. விரற்கடை இடைவெளியில் கறுப்புத் தண்ணீரும் காற்றும் சீறிக்கொண்டு கடல் பக்கம் போயின. ஒரு போல்ட்டின் தலை அறுந்து, முன்னால் இருபது அடியில் கிடந்த கட்டுமரத்தில் போய்ப் பதிந்தது. சீறல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அறுந்து பறந்தது நான் குனிந்திருந்த பக்கத்தில் இருந்த போல்ட்.

அதிகாரி போய்க் கட்டுமரத்தைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று பட்டது.

“சார், அறுபத்திரண்டில் நான் அனுப்பிய அறிக்கை தப்பு. ராக்கன் செய்தது கிணற்று வேலைக்காரர்களின் பாதுகாப்புப் பழக்கம். தடுத்திருக்க வேண்டியவள் நான். தெரிந்தும் தடுக்கவில்லை.”

அவர் கைப்பையிலிருந்து ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து நீட்டினார். “எழுதிக் கொடு” என்றார்.

கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் எழுதினேன். ராக்கன் கையைக் கழுவிவிட்டு வந்து, “என்ன எழுதுறீங்க டீச்சரம்மா?” என்றார். படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார்.

“எம் மீசை போனத எழுதலயே?”

அதையும் எழுதினேன். ‘மேற்படி விபத்தில் அன்னாரின் மீசை முற்றிலும் கருகிற்று. அதற்கு நிலையமே பொறுப்பு.’ அதிகாரி கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தினார். அடிக்கவில்லை.

கருவி பிழைக்கவில்லை. ஆனாலும் அதிகாரி மதராஸில் சொல்லி வேறு பெட்டி வரவழைத்தார். நிலையம் இன்னும் ஒன்றே கால் வருஷம் நடந்தது. அதன் பேட்டரிகளை ராக்கனே மாற்றினார், நிரந்தர ஊழியராக. அறுபத்தாறில் மூடியபோது, அந்த நிரந்தர உத்தரவின் பலத்தில்தான் எக்ஸ்சேஞ்சு வேலை கிடைத்தது. சேவுகனின் மகன் அரிமளத்தில் வாத்தியார். மகளுக்கு ராக்கனே குடுமியான்மலையில் சம்பந்தம் செய்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். செவந்தி என்னைக் கண்டதும் உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தைக் கொண்டுவந்தார். அன்று கடற்கரையில் நான் எழுதிய அறிக்கையின் நகல். மடிப்புகள் கிழிந்து, பின்னால் ஒட்டுப் போட்டிருந்தது.

“வீட்டுக்கு யாரு வந்தாலும் இத வாசிக்கச் சொல்லிக் கேப்பாக. நீங்க வந்திருக்கீங்க. எழுதுனவுக வாயாலயே ஒருக்கா வாசிங்க டீச்சரம்மா.”

துக்கத்துக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் நின்றபடியே வாசித்தேன். மீசை வருகிற இடத்தில் சேவுகனின் மகன் முதலில் சிரித்தான். பிறகு செவந்தி சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. நானும்தான்.