தரை சுத்தமாகத்தான் இருந்தது

செலஸ்ரீனா பார்க்காமலே சொல்லுவாள். சக்கரச் சப்பாத்துப் போட்ட பிள்ளை ஒன்று துள்ளி எழும்பி, காற்றில் சுற்றி, மறுபடி தரையைத் தொடுகிற சத்தத்திலேயே சுற்று முழுமையாக வந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முழுச் சுற்று என்றால் 'டக்' என்று ஒரே சத்தம். கால் சுற்றுக் குறைந்தால் அந்த டக்குக்குப் பின்னால் ஓர் உரசல் வரும், யாரோ கதிரையை இழுத்ததுபோல. நடுவர்கள் அதையே காணொளியில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த நேரம் செலஸ்ரீனா கழிப்பறை வாசலில் குனிந்து நின்று தரை துடைத்துக்கொண்டிருப்பாள்.

பலெர்மோவில் அந்த விளையாட்டரங்கைத் துப்புரவு செய்யும் வேலை அவளுக்குப் பதினொரு வருடமாக இருக்கிறது. மன்னார் பேசாலையில் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. இத்தாலியன் நன்றாக விளங்கும். வாய் திறந்து கதைக்கத்தான் கூச்சம். கேள்வி கேட்காமல் ஒரு விசயத்தைப் படிக்க வேண்டுமென்றால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடுவர் மேசைக்குக் கீழே குப்பைக்கூடை மாற்றும்போதும், போட்டி முடிந்து கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் முடிவுத்தாள் ஒட்டும்போதும் பார்த்தாள். ஒவ்வொரு துள்ளலுக்கும் சுழற்சிக்கும் முன்கூட்டியே ஒரு விலை உண்டு. ஓரத்தில் இருக்கிற மூன்று பேர், பிள்ளை செய்தது இன்னது, முழுதாகச் செய்தாளா என்று சொல்லுவார்கள். மற்ற ஐந்து பேர் அதை எவ்வளவு அழகாகச் செய்தாள் என்று கூட்டியும் குறைத்தும் எண் போடுவார்கள். அந்த ஐந்து எண்ணில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கெடுப்பார்கள். ஒருத்தருக்குப் பிள்ளைமேல் ஆசையோ கோபமோ இருந்தால் அது தள்ளுபட்டுப் போகட்டும் என்பதற்காக. இது விளங்கிய அன்று செலஸ்ரீனாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. கேசிகா ஆடுகிற நேரம் தன்னை அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக இருத்தினால், தள்ளுபடுகிற எண் தன்னுடையதாகத்தான் இருக்கும்.

கேசிகா அனிற்றாவின் மகள். அனிற்றா ஊர்காவற்றுறைக்காரி. இருவரும் ஒரே வருடம் இத்தாலிக்கு வந்து, நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டு இருந்தவர்கள். ஒரே கோவில், ஒரே பாடற்குழு. இரண்டு பேருக்கும் ஆறு மாத இடைவெளியில் பெண் பிள்ளைகள். அனிற்றா பிறகு பக்கத்து ஊரான பகேரியாவுக்கு வீடு மாறிப் போனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்தியின் சமையல் மற்றவள் வீட்டில் இருக்கும்.

செலஸ்ரீனாவின் மகள் அமலினிக்கு ஏழு வயதில், துப்புரவு செய்கிறவளின் பிள்ளைதானே, சும்மா வந்து பழகட்டும் என்று அங்குள்ள சக்கரச் சப்பாத்துக் கழகத்தின் பயிற்சியாளர் சொன்னார். அமலினி தனியப் போகமாட்டேன் என்று அழுதாள். செலஸ்ரீனாதான் இரண்டு நாள் தயங்கி, மனதுக்குள் வசனத்தைப் பாடமாக்கி, இன்னொரு பிள்ளையும் வரலாமா என்று கேட்டாள். அப்படித்தான் கேசிகா வந்தாள்.

பத்து வயதில் பயிற்சியாளர் கேசிகாவைப் போட்டிக் குழுவுக்கு எடுத்தார். அமலினியைப் பற்றி, நல்ல பிள்ளை, ஒழுங்கான பிள்ளை என்றார். அடுத்த மாதம் அமலினி நின்றுவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. இப்போது பதினாறு வயதில் சமையற்கலைப் பாடசாலைக்குப் போகிறாள். எப்போதாவது பழைய பேச்சு வந்தால், "மம்மா, எனக்குத் தலை சுத்தும்" என்று சிரிப்பாள். தலை சுற்றியது செலஸ்ரீனாவுக்குத்தான். ஒவ்வொரு மாலையும் அவள் துடைத்த தரையில் அனிற்றாவின் பிள்ளை பறந்துகொண்டிருந்தது.

கேசிகாவுக்கு அன்ரியின் காது சின்ன வயதிலிருந்தே தெரியும். பயிற்சி முடிய ஓடி வந்து, "அன்ரி, எப்பிடி?" என்பாள். செலஸ்ரீனாவும் உரசினது, உரசேல்லை என்று சொல்லி வந்தாள். போன ஒரு வருடமாகத்தான் அவள் வேறு பதில் சொல்லப் பழகியிருந்தாள். "எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை. தண்ணி ஓடிக்கொண்டிருந்தது."

இந்த வருடம் சித்திரை கடைசியில் அந்த அரங்கில் சர்வதேசப் போட்டி வைத்தார்கள். ஒன்பது நாட்டுப் பிள்ளைகள். முதல் நாள் குறு ஆட்டம், அடுத்த நாள் நெடு ஆட்டம், இரண்டையும் கூட்டி முதல் மூன்று பேருக்குப் பதக்கம். கேசிகா மூன்றுக்குள் வருவாள் என்று பயிற்சியாளர் சொன்னதாக அனிற்றா கோவில் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மண்டபம் எடுத்துச் சாப்பாடு கொடுக்கலாமா என்றுகூடக் கதை வந்தது. செலஸ்ரீனா அந்தக் கதையில் சேர்ந்து தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுக்குள் ஏதோ கிடந்து எரிவது போல இருந்தது. தேத்தண்ணீர் குடித்தாள். எரிந்தது.

போட்டி அன்று காலை, உடுப்பு மாற்றும் அறையில் அனிற்றா கேசிகாவின் ஆட்ட உடையைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். கருநீலத் துணி. கழுத்திலிருந்து இடுப்பு வரை பச்சை மணிகளில் ஒரு கொடி.

"பாரடி. என்ரை கலியாணச் சாறிச் சட்டையில கிடந்த மணி முழுக்கக் கழட்டித் தைச்சனான். ரெண்டு கிழமை. கண்ணே போச்சு."

செலஸ்ரீனா துணியைப் புரட்டி உட்பக்கத்தைப் பார்த்தாள். நூல் ஒரே ஓட்டமாகப் போயிருந்தது. சாறிச் சட்டைக்கு அப்படித்தான் தைப்பார்கள். சாறி கட்டிக்கொண்டு யாரும் துள்ளிச் சுற்றுவதில்லையே. ஆட்டத் துணி இழுபடும், நூல் இழுபடாது. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகக் கழன்று வரும். கழகத்துத் தாய்மார் ஒவ்வொரு மணிக்கும் தனி முடிச்சுப் போடுவதை அவள் வருடக்கணக்காகக் கண்டிருக்கிறாள். உடையிலிருந்து ஏதும் தரையில் விழுந்தால் ஒரு புள்ளி குறையும் என்பதும் அவளுக்குத் தெரியும். சும்மா குறைப்பதில்லை. மணி ஒன்று சக்கரத்துக்குள் அகப்பட்டால் அடுத்த பிள்ளையின் கால் முறியும்.

ஆட்டத்துக்கு இன்னும் நான்கு மணித்தியாலம் இருந்தது. அவளுடைய பையில் ஊசியும் நூலும் இருந்தன.

"வடிவாயிருக்கு," என்று சொல்லி உடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

கேசிகாவின் குழு மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் முன் தரையை அகன்ற துடைப்பத்தால் ஒரு முறை தள்ளி வருவது செலஸ்ரீனாவின் பொறுப்பு. அன்றும் நீளமாகவும் குறுக்காகவும் தள்ளினாள். பதினொரு வருடத்தில் அவள் துடைத்த தரையில் யாரும் ஒரு குண்டூசி கண்டெடுத்ததில்லை. தள்ளி முடித்து வாசலோரம் நின்றாள்.

கேசிகா மூன்றாவதாக ஆடினாள். முதல் துள்ளல், டக். இரண்டு துள்ளல் சேர்ந்தது, டக், டக். மூன்றாவது முன்பக்கமாகப் பாய்ந்து இரண்டரைச் சுற்று. பெரிய விலை உள்ளது. செலஸ்ரீனா உரசலுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வரவேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். ஒரே சத்தம். சனம் கைதட்டியது. மேலே கதிரை வரிசையில் அனிற்றா எழும்பி நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுழற்சியில் கேசிகா முதுகை வளைத்தபோது இடுப்புப் பக்கம் ஏதோ மின்னியது. பச்சையாக ஒன்று, பிறகு இன்னொன்று. செலஸ்ரீனாவைத் தவிர வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இசை நின்றது. பிள்ளை வணங்கிவிட்டுப் போனாள்.

அடுத்து ஆட வந்தது போர்த்துக்கல் பிள்ளை. அவளுடைய பயிற்சியாளர் தரையைக் காட்டிக் கையை உயர்த்தினார். தலைமை நடுவர் விசிலை ஊதி, துடைக்கிறவளை வரச்சொன்னார். செலஸ்ரீனா அரங்கின் நடுவே போய்க் குனிந்து இரண்டு மணிகளையும் எடுத்தாள். ஒன்றில் இன்னும் நூல் தொங்கியது. கொண்டுபோய் நடுவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

நடுவர் இத்தாலியின் வடக்கிலிருந்து வந்த பெண்மணி, நரைத்த தலை, மெல்லிய குரல். பச்சை மணி வைத்த உடுப்பு அந்தக் குழுவில் இரண்டு பேருக்கு இருந்தது. முந்தின குழுவிலும் ஒருத்தி போட்டிருந்தாள். ஓரத்து மூன்று பேரும் காணொளியைத் திருப்பிப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார்கள். அவ்வளவு சின்னது அதில் தெரியவில்லை. சந்தேகமென்றால் புள்ளி குறைக்க முடியாது. நடுவர் செலஸ்ரீனாவைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். குழு தொடங்க முன் துடைக்கும்போது இது தரையில் கிடந்திருக்குமா, நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாமா? அப்படியென்றால் இது முந்தின குழுவோடு போய்விடும் என்றார்.

பக்கத்தில் அரங்கப் பொறுப்பாளர் நின்றார். அந்த மனிதரின் முன்னால், கவனிக்கவில்லை, என் பிழை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேசிகாவுக்கு ஒரு புள்ளி தப்பும். செலஸ்ரீனாவின் பதினொரு வருடம் சரியும். அவளுக்கு வழமையாக வாய் வராது. அன்று வந்தது.

"இல்லை, சிஞ்ஞோரா. பூலீத்தோ," என்றாள். சுத்தம். சத்தமாகவே சொன்னாள். "நான்தான் துடைச்சனான். சுத்தமாயிருந்தது."

இந்தக் குழுவில் அதுவரை ஆடியவர்களில் பச்சை மணிக்காரி கேசிகா ஒருத்திதான். நடுவர் நன்றி சொல்லிவிட்டு எழுதினார். செலஸ்ரீனா வாசலுக்குத் திரும்பி வந்து துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லும்போது நாக்கில் சீனி போட்டதுபோல இருந்ததை அவளால் மறக்க முடியவில்லை.

கேசிகாவின் வயதுப் பிரிவு ஆடி முடிய முடிவுத்தாள் ஒட்டினார்கள். கேசிகா நான்காவது. குறைத்த அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் இரண்டாவது.

கழிப்பறைக்குப் பக்கத்து நடையில் செலஸ்ரீனா வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றபோது கேசிகா ஓடி வந்தாள். முகப்பூச்சு வழிந்திருந்தது. ஆனால் அவள் புள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அன்ரி, கேட்டியளா? எப்பிடி?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செலஸ்ரீனா அதைப் பூட்டினாள்.

"எல்லாம் ஒரே சத்தம், பிள்ளை. ஒண்டும் உரசேல்லை."

கேசிகா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கூட்டாளிகளிடம் ஓடினாள். அவள் போன வழியால் அனிற்றா வந்தாள். உடை சுருட்டிக் கையில் இருந்தது. சுவரோரத்து வாங்குப் பலகையில் தொப்பென்று இருந்தாள்.

"என்ரை தையல்தான் பிள்ளையைக் கவிட்டது," என்றாள். "காலமை அவசரத்தில உனக்கு வடிவாக் காட்டவுமில்லை. நீ பாத்திருந்தா சொல்லியிருப்பாய்."

அதோடு விட்டிருக்கலாம். ஓம் என்று தலையாட்டினால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கோவில், சமையல், பாட்டு எல்லாம் முன்னைப்போலவே இருந்திருக்கும்.

"பாத்தனான்," என்றாள் செலஸ்ரீனா.

"என்னத்தை?"

"நூல் ஒரே ஓட்டமாப் போறதை. நீ காட்டேக்கையே பாத்தனான். அறும் எண்டும் தெரியும்."

அனிற்றா நிமிர்ந்தாள். "நடுவரம்மா கேட்டதுக்குத் தரை சுத்தம் எண்டனியாம். அது உண்மைதானே?"

"அது உண்மை."

"அப்ப அது கிடக்கட்டும். காலமை ஏன் சொல்லேல்லை?"

செலஸ்ரீனா வாளியைக் குழாயடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"உன்ரை பிள்ளை நல்லா ஆடுறாள்," என்றாள். "அதுதான்."

அனிற்றா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அனிற்றா கத்தவில்லை. உள்ளே ஒலிபெருக்கியில் யாருடைய பெயரோ வாசித்தார்கள், கைதட்டினார்கள், இன்னொரு இசை தொடங்கியது.  பிறகு அனிற்றா சுருட்டிய உடையை எடுத்து செலஸ்ரீனாவை நோக்கி எறிந்தாள்.

"அப்ப நீயே தை. நாளைக்கும் இதுதான் உடுப்பு. வேறை இல்லை."

"நானோ?"

"வேறை ஆர்? உன்ரை வயித்தெரிச்சலுக்கும் அறாத நல்ல தடிச்ச நூலாப் பாத்துப் போடு."

செலஸ்ரீனா பையிலிருந்து ஊசியை எடுத்தாள். உயரத்து ஜன்னலால் வெயில் விழுகிற பக்கமாக வாங்கின் ஓரத்தில் இருந்து, மிஞ்சிய மணிகளையும் கழற்றி மடியில் போட்டாள். முதலாவதைத் தைத்தாள், முடிச்சுப் போட்டாள், நூலை வெட்டினாள். பிறகு அடுத்தது. நாளைக்கு நெடு ஆட்டம். மூன்றாம் இடத்துக்கும் கேசிகாவுக்கும் இடையில் அரைப் புள்ளிகூட இல்லை. தான் போடுகிற ஒவ்வொரு முடிச்சும் அனிற்றாவின் பிள்ளையைப் பதக்க மேடைக்கு ஒரு படி ஏற்றுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எரிந்தது. எரிந்துகொண்டே அடுத்த மணியைக் கோர்த்தாள். கழகத்தின் எந்தத் தாயும் போடாத மாதிரி இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

அடுத்த வயதுப் பிரிவின் குழுவுக்கு விசில் ஊதியபோது எழும்பிப் போய்த் தரையைத் தள்ளிவிட்டு வந்து மறுபடி தைத்தாள். அனிற்றா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கோப்பி குடிக்கவும் போகவில்லை. முன்னால் இருந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி இடுப்புவரை முடிந்தது. செலஸ்ரீனா நூலைக் கடித்து அறுத்து உடையை நீட்டினாள். அனிற்றா அதை முழங்காலில் விரித்து, கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு மணியாக நகத்தால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை. கடைசி மணியையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் உடையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு விடிய எட்டு மணிக்கு வருவம்," என்றாள். "திரும்பவும் ஒருக்காப் பாக்கோணும். நீயும் பார்."

"ஓம்," என்றாள் செலஸ்ரீனா.